அப்புறம் சொல்றேன்!

பயோ-டேட்டா எழுதாத இளைஞன் தமிழ்நாட்டில் கிடையாது. அதில் 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு வரி வரும். தமிழ், இங்கிலீஷ் என்று எழுதிவிட்டு, அந்தக் காலத்தில் 'பிராத்மிக்' பரீட்சைக்குப் போய் வந்த தைரியத்தில் 'ஹிந்தி (படிக்க மட்டும்)' என்று சேர்ப்போம். மாடி போர்ஷன் தெலுங்குக்காரர் புண்ணியத்தில் நாலு வார்த்தை பழகியிருந்தால் தெலுங்கும் ஏறிவிடும். இன்டர்வியூவில் யாரும் தெலுங்கில் கேள்வி கேட்கப் போவதில்லை என்பது நமக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும்.

ஆனால் மயிலாப்பூர், அடையாறு என்று தினமும் 29-சி பஸ்ஸில் நம் பக்கத்து சீட்டிலேயே பேசப்படுகிற ஒரு மொழி இருக்கிறது. அதை யாரும் பயோ-டேட்டாவில் எழுதி நான் பார்த்ததில்லை. காது கேளாதவர்களின் சைகை மொழி.

"சைகையெல்லாம் ஒரு மொழியா சார்? பசிச்சா வயித்தைத் தொட்டுக் காட்டறது, தண்ணி வேணும்னா கட்டை விரலைத் தூக்கறது... அதானே?" என்று கேட்டார் ஒரு நண்பர். பேங்க் ஆபீசர். நல்ல மனுஷர். அவர் மேல் தப்பில்லை. நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் பெரியம்மா பையனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தி.நகரில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிறார். கல்யாணப் பத்திரிகைதான் ஸ்பெஷாலிட்டி. 'மங்கள வாத்தியம்', 'மாலை இன்னிசைக் கச்சேரி' என்றெல்லாம் தினமும் பத்து முறை அழகாக அச்சடித்துத் தருகிறவர், வாழ்க்கையில் ஒரு தவில் அடி கேட்டதில்லை. அண்ணன் மூலமாகத்தான் எனக்கு இந்த உலகத்துக்குள் ஓசி பாஸ் கிடைத்தது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். சைகை மொழி உலகம் முழுக்க ஒன்று இல்லை. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் இங்கிலீஷ் பொது. ஆனால் அந்த ஊர்க் காது கேளாதவர்கள் இருவர் சந்தித்தால் ஒருவர் சைகை மற்றவருக்குச் சட்டென்று புரியாது. ஏ, பி, சி, டி-யை அமெரிக்காவில் ஒரு கையால் காட்டுகிறார்கள். நம் ஊரில் பிரிட்டிஷ்காரர்கள் மாதிரி இரண்டு கையும் வேண்டும். இடது கையை விரித்துக்கொள்ளுங்கள். கட்டை விரல் நுனியைத் தொட்டால் 'ஏ', ஆள்காட்டி விரல் 'ஈ', நடுவிரல் 'ஐ', மோதிர விரல் 'ஓ', சுண்டு விரல் 'யூ'. ஐந்து விரலில் ஐந்து உயிரெழுத்து. பார்த்தீர்களா, இந்தப் பாராவைப் படித்து முடிப்பதற்குள் ஐந்து எழுத்து கற்றுவிட்டீர்கள்!

இந்திய சைகை மொழியில் ஊருக்கு ஊர் சில வார்த்தைகள் மாறும். நெல்லைத் தமிழ், கோவைத் தமிழ் மாதிரி. ஆனால் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றுதான் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். டெல்லிக்காரரும் மயிலாப்பூர்க்காரரும் அரை மணி நேரத்தில் ஒட்டிக்கொள்வார்கள். நாம் டெல்லிக்குப் போனால் அரை வருஷம் ஆனாலும் ஆட்டோக்காரரிடம் அல்லாடுகிறோம்.

அந்த இலக்கணத்தில் ஒரு வேடிக்கை. 'வாட் இஸ் யுவர் நேம்?' என்று இங்கிலீஷ்காரன் கேள்வியை முன்னால் வைக்கிறான். தமிழில் 'உன் பேர் என்ன?' நம் சைகை மொழியிலும் 'என்ன' கடைசியில்தான் வரும். 'இல்லை'யும் கடைசியில்தான். ஆமா, இல்லையா என்று கேட்க வேண்டுமானால் தனி வார்த்தையே வேண்டாம். கண்ணை அகல விரித்து, தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினால் 'காபி சாப்பிட்டாச்சு' என்பது 'காபி சாப்பிட்டாச்சா?' ஆகிவிடும். நாம் 'ஆ' போடுகிற இடத்தில் அவர்கள் முகத்தைப் போடுகிறார்கள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இந்த மொழியைப் பேசவே முடியாது. ஆகவே சில மானேஜர்களுக்கு இது வரவே வராது.

1960-ல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கி என்ற பேராசிரியர், சைகை மொழிக்கும் பேச்சு மொழி மாதிரியே முறையான உள்ளமைப்பு உண்டு என்று எழுதிக் காட்டினார். அதுவரை படித்தவர்களே நம் பேங்க் ஆபீசர் மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரி, இதைப் பேசுகிறவர்கள் எங்கே கற்றுக்கொண்டார்கள்? இங்கேதான் விஷயம் கனமாகிறது.

நாம் தமிழை யாரிடம் கற்றோம்? அம்மாவிடம். அதனால்தான் தாய்மொழி. ஆனால் காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கிற பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். அந்த அம்மாவுக்குச் சைகை மொழி தெரியாது. குழந்தைக்கு அம்மாவின் மொழி காதில் விழாது. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து, இரண்டு பேரும் இரண்டு தேசம். அந்தப் பிள்ளை தன் மொழியை எப்போது முதலில் பார்க்கிறது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கு. அதுவும் பெரும்பாலும் வாத்தியாரிடம் இல்லை. ஹாஸ்டலில், பக்கத்துப் படுக்கைப் பையனிடம்!

அந்த விஷயத்தில் நம் பேட்டைக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் கல்வி 1890-களில் பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற பெண்மணியால் ஆரம்பித்தது. சென்னையில் சாந்தோமில் சி.எஸ்.ஐ. பள்ளி, ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட், அடையாறு காந்தி நகரில் செயின்ட் லூயிஸ், மயிலாப்பூரில் கிளார்க் பள்ளி, சின்னக் குழந்தைகளுக்குக் காதுக் கருவி மாட்டிப் பேச்சுப் பழக்குவதற்கென்றே 1969-ல் அடையாறு பக்கம் ஆரம்பித்த பால வித்யாலயா... ஆட்டோவில் ஒரு ரவுண்டு அடித்தால் எல்லா வாசலையும் பார்த்துவிடலாம். இந்த வாசல்களைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போகிறோம்.

பேச்சா, சைகையா என்று இந்தத் துறையில் ஒரு பெரிய சண்டை உண்டு. 1880-ல் இத்தாலியில் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கு ஒரு சர்வதேச மாநாடு கூட்டினார்கள். வகுப்பில் சைகை கூடாது, வாயால்தான் பேசப் பழக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்கிறவர்கள்! ஆட்டைக் கூப்பிடாமல் பிரியாணிக் கமிட்டி கூடின கதை. 2010-ல் வான்கூவரில் அதே மாநாட்டின் வாரிசுகள் கூடி, 'அந்தத் தீர்மானம் வருத்தத்துக்குரியது' என்றார்கள். வருத்தப்படுவதற்கு 130 வருஷம்.

அந்த 130 வருஷத்தில் மயிலாப்பூர் அண்ணனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அவர் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். வகுப்பில் கையை ஆட்டினால் ஸ்கேலால் அடி விழும். கையைக் கட்டிக்கொண்டு வாத்தியாரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். "உதட்டைப் பார்த்தா புரிஞ்சுடுமே" என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் 'பணம்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'மணம்' என்று சொல்லுங்கள். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். படமும் மடமும் ஒன்று. பாலையும் மாலையும் ஒன்று. 'க' என்ற எழுத்து தொண்டைப் பக்கமே முடிந்துவிடும், உதட்டுக்கு வருவதே இல்லை. இதில் நம் ஆள் வாயில் வெற்றிலை, மேலே அடர்ந்த மீசை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, நல்ல கருவி மாட்டி, பயிற்சி கொடுத்துப் பேச வந்த குழந்தைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்திலேயே கிடைக்கிறது. நல்லது. ஆனால் எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. பலித்தாலும், கையையும் சேர்த்துப் பேச விட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. ஹிந்தி கற்றால் தமிழ் மறந்தா போகிறது?

"எழுதிக் காட்டிட்டா போச்சே!" என்பது அடுத்த யோசனை. அதிலும் பாதிதான் உண்மை. எழுத்துத் தமிழ் என்பது காதில் கேட்ட தமிழின் மேல் கட்டின மாடி. 'அவனை', 'அவனுக்கு', 'அவனோடு' என்று நாம் இலக்கணம் படித்தா பேச ஆரம்பித்தோம்? கேட்டுக் கேட்டு வந்தது. கேட்காத பிள்ளைக்கு அந்த 'ஐ', 'கு', 'ஓடு' எல்லாம் வெளிநாட்டு மொழி மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டிய சமாசாரம். அதனால்தான் அண்ணனைப் போன்ற பலர் எழுதும் கடிதத்தில் சொற்கள் மொட்டையாக நிற்கும். அதைப் பார்த்து 'அறிவு கம்மி' என்று முடிவு கட்டுகிற ஆபீஸ்கள் இருக்கின்றன. அண்ணனைச் செஸ் ஆட்டத்தில் தோற்கடிக்க முடிந்த ஆசாமியை நான் இன்னும் பார்க்கவில்லை.

* * *

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்து மணலில் அண்ணனின் நண்பர்கள் கூடுவார்கள். டெய்லர், ஐ.டி. கம்பெனிப் பையன், கவர்ன்மென்ட் ஆபீஸ் கிளார்க், ரிட்டயர்ட் பைண்டர் என்று கலவையான கூட்டம். வட்டமாகத்தான் உட்காருவார்கள். ஒருவர் முதுகு இன்னொருவருக்குத் தெரிந்தால் பேச்சு அறுந்துவிடும். நாலு பேர் சேர்ந்து சிரித்தால் சுண்டல்காரப் பையன் திரும்பிப் பார்ப்பான். அமைதியான கூட்டம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள்.

அங்கே எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். நம் பெயரை எழுத்து எழுத்தாகக் காட்டிக்கொண்டிருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஆளுக்கு ஒரு சைகைப் பெயர். நாமே வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள்தான் பார்த்து வைப்பார்கள். மூக்கில் வழுக்குகிற கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவதுதான் நான். பி.காம். பட்டத்தை யாரும் மதித்த மாதிரித் தெரியவில்லை.

இருட்டினால் எல்லோரும் எழுந்து விளக்குக் கம்பத்தடிக்கு நகருவார்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் பேச்சு இல்லை. அதன் பிறகு 'போய்ட்டு வரேன்' ஆரம்பிக்கும். அது ஒரு மணி நேரம்! பஸ் ஸ்டாப் வரை வந்து, பஸ் வந்து, அந்த பஸ்ஸை விட்டுவிட்டு, மறுபடி பேச்சு. "ஏன் இவ்வளவு நேரம்?" என்று ஒரு முறை கேட்டேன். அண்ணன் சொன்ன பதில்: "வீட்டுக்குப் போனா யார்கிட்ட பேசறது?"

தொழில்நுட்பம் இதில் ஒரு புண்ணியம் கட்டிக்கொண்டது. முன்பெல்லாம் நண்பனைப் பார்க்க வேண்டுமானால் நேரே வீட்டுக்குப் போக வேண்டும். பூட்டியிருந்தால் திரும்ப வேண்டியதுதான், போன் பண்ணிக் கேட்க வழி கிடையாது. எஸ்.எம்.எஸ். வந்தது. பிறகு வீடியோ கால். இன்று மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் இரைச்சலுக்கு நடுவே நாம் "ஹலோ... ஹலோ... கேட்குதா?" என்று தொண்டை கிழியக் கத்தும்போது, இந்தப் பிளாட்பாரத்திலிருந்து எதிர்ப் பிளாட்பாரத்துக்கு இரண்டு பேர் நிம்மதியாகக் கையால் பேசி முடித்துவிட்டு ரயில் ஏறுகிறார்கள். அந்த நிமிஷத்தில் காது கேட்காதது யாருக்கு?

* * *

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

காது கேளாதவர் இருக்கிற வீடுகளில் மிக அதிகமாகச் சொல்லப்படுகிற வாக்கியம் எது தெரியுமா? 'அப்புறம் சொல்றேன்.' பெரியம்மா வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பெரியப்பா ஒரு ஜோக் அடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணன் முகத்தை நிமிர்த்தி 'என்ன?' என்பார். பெரியப்பா கையை அமர்த்தி, 'அப்புறம்' என்பார். சண்டை நடக்கும். 'என்ன?' 'ஒண்ணுமில்லே, அப்புறம்.' அந்த 'அப்புறம்' வந்ததே இல்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. உயிரையே வைத்திருந்தார்கள் பிள்ளை மேல். மொழிதான் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பெரியப்பாவுக்கு மாரடைப்பு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் அப்போது வேலையாக மதுரையில் இருந்தேன், மறுநாள்தான் வந்து சேர்ந்தேன். நடந்ததை அண்ணன் பிறகு என்னிடம் நோட்டில் எழுதிக் காட்டினார். டாக்டர் வெளியே வந்து வராந்தாவில் சொந்தக்காரர்களிடம் ஏதோ சொன்னார். மாமா தலையில் கை வைத்தார். அண்ணன் ஓடிப் போய் 'என்ன?' என்று கேட்டார். டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா கையை அமர்த்தி, 'அப்புறம்' என்றார். பிறகு எல்லோரும் போன் பண்ணப் போய்விட்டார்கள். பிள்ளைக்கு யாரோ முன்பே சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸுக்குப் பணம் கட்டுகிற இடத்தில் ஒரு ரசீதைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'அப்பா இறப்பு எல்லோருக்கும் 4 மணி. எனக்கு 7 மணி.'

வேற்றுமை உருபு இல்லாத வாக்கியம். எனக்குத் தெரிந்த எந்த வாக்கியத்திலும் இதற்கு மேல் அர்த்தம் இல்லை.

மெட்ராஸ் என்ற ஊரே துபாஷிகளால் வளர்ந்தது. வெள்ளைக்காரனுக்கு நம் மொழி தெரியாது, நமக்கு அவன் மொழி தெரியாது. நடுவில் நின்று இரண்டையும் பேசிய துபாஷிகள் செல்வாக்கு பெற்றார்கள், பச்சையப்ப முதலியார் உட்பட. வியாபாரம் என்றால் துபாஷி உடனே கிடைப்பார். ஒரு மகனுக்கு அப்பா இறந்த செய்தி சொல்ல ஆஸ்பத்திரி வராந்தாவில் துபாஷி கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் செவிக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேருக்கு மேல். போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாம் அவர்களுக்கும்தான்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது. 1987-ல் தூர்தர்ஷன் ஆரம்பித்த செவிக் குறைபாடு உள்ளவர்களுக்கான செய்திதான் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை விசேஷம். எல்லோரும் சாப்பிட எழுந்து போகிற நேரத்தில் அவர் மட்டும் டி.வி. முன்னால் உட்காருவார். 2007-ல் மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் வந்தன. அண்ணனுக்கு அது லேட், இப்போதுள்ள பையன்கள் என்னைப் போலவே பேலன்ஸ் ஷீட் டேலியாகாமல் முழிக்கும் பாக்கியம் பெற்றிருக்கிறார்கள். அதே 2007-ல் 'மொழி' படத்தில் ஜோதிகா, காது கேளாத பெண் என்றால் அழுதுகொண்டே இருக்க வேண்டியதில்லை, பளாரென்று ஒரு அறையும் விடலாம் என்று காட்டினார்.

2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம், காது கேளாதவரும் டெஸ்ட்டில் தேறினால் டிரைவிங் லைசென்ஸ் பெறலாம் என்றது. "ஹாரன் கேட்காதே சார்?" என்கிறீர்களா? பாண்டி பஜாரில் யார் ஹாரன் யார் காதில் ஏறுகிறது! 2015-ல் டெல்லியில் இந்திய சைகை மொழிக்கென்று மத்திய அரசு ஒரு மையம் தொடங்கியது. 2018-ல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி, 2021-ல் 10,000 சொற்களாக வளர்ந்தது. 2016-ம் வருஷத்துச் சட்டம் அரசு வேலையில் இவர்களுக்கு ஒரு சதவிகிதம் ஒதுக்கியது. 2022-ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்ஸில் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா பாட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கினார். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வக்கீல், சைகைத் துபாஷி உதவியோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார்.

ஆனால் சட்டமும் அகராதியும் சாப்பாட்டு மேஜை வரை தானாக நடந்து வராது. அங்கே நாம்தான் பரிமாற வேண்டும்.

நம் பழமொழியையே பாருங்கள். 'செவிடன் காதில் ஊதின சங்கு.' கேட்காதவனைத்தான் கேலி செய்கிறோம். கேட்காது என்று தெரிந்தும் அங்கே போய் மூச்சைப் பிடித்து ஊதினானே ஒரு மகானுபாவன், அவன் புத்தியைப் பற்றி ஒரு பழமொழியும் இல்லை! 'ஊமை' என்ற சொல்லும் அப்படித்தான். அவர்களில் பெரும்பாலோர் தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது. பேசத் தெரியாதவர்கள் இல்லை, நமக்குத் தெரியாத மொழியில் பேசுகிறவர்கள்.

உங்கள் ஆபீஸில் ஒருவர் இருக்கலாம். இல்லாவிட்டால் நாளைக்கு டிரான்ஸ்ஃபரில் வருவார். கத்த வேண்டாம், கத்தினால் முகம் கோணும், உதடும் புரியாது. வெளிச்சம் உங்கள் முகத்தில் படுகிற மாதிரி நில்லுங்கள். கூப்பிட வேண்டுமானால் தோளை மெதுவாகத் தொடுங்கள். துபாஷி கூட வந்திருந்தால் துபாஷியைப் பார்த்துப் பேசாமல் அவரைப் பார்த்துப் பேசுங்கள். மீட்டிங்கில் என்ன முடிவானது என்பதை மீட்டிங்கிலேயே எழுதிக் காட்டுங்கள். கேன்டீனில் எல்லோரும் சிரிக்கும்போது, அந்த ஜோக் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் சரி, அவருக்கும் உடனே சொல்லிவிடுங்கள். மட்டமான ஜோக்குக்குச் சிரிக்காமல் இருக்கும் உரிமை அவருக்கும் உண்டு.

அண்ணிக்கும் காது கேட்காது. அவர்கள் பெண்ணுக்கு நன்றாகக் கேட்கும். பதினொரு வயது. அவளுடைய தாய்மொழி நிஜமாகவே தாயின் மொழி, பேசுவதற்கு முன்பே கையால் பால் கேட்டவள். பேங்க், ரேஷன் கடை, கேஸ்காரர் எல்லோரிடமும் அவள்தான் இப்போது துபாஷி. பெரியப்பா காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, விஷயம் அவளுக்குத் தெரிந்ததும் ஒரு மண் உண்டியல் வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அந்த வீட்டில் யார் 'அப்புறம் சொல்றேன்' என்றாலும் பத்து ரூபாய் அபராதம். விருந்தாளிக்கும் தள்ளுபடி கிடையாது.

அதிகம் கட்டியது பெரியம்மா. எழுபத்திரண்டு வயதில் பேத்தியிடம் சைகை கற்றுக்கொண்டு, விரல் மடங்காமல் தடுமாறி, முடியாதபோது 'அப்புறம்' என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்து... இதுவரை 340 ரூபாய். இப்போது ராத்திரியில் டி.வி. சீரியல் முடிந்ததும் முழுக் கதையையும் மகனுக்குக் கையால் சொல்கிறார். "தாங்க முடியலே, நிறுத்தச் சொல்லு!" என்று அண்ணன் எனக்கு வீடியோ காலில் புகார் செய்கிறார்.

கடைசிப் பத்து ரூபாய் விழுந்தது போன தீபாவளிக்கு.